உள்பை இல்லாத சட்டை

கண்ணு,

அப்பாவுக்குத் திவசம் கொடுக்க வந்தவன், புனேவுக்குத் திரும்புகிற அவசரத்தில் கதவுக்குப் பின்னால் ஒரு சட்டையை மறந்துவிட்டுப் போய்விட்டாய். நீலக் கோடு போட்ட சட்டை. பஸ் ஏறிய பிறகு போன் செய்து, துவைத்து வை, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் உடனே துவைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் கிளம்பிப் போனால் இந்த வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. உன் மகள் இழுத்துப் போட்டு விளையாடிய டம்ளர்களைக்கூட எடுத்து வைக்காமல் அங்கேயே விட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் தையல் மிஷினை மூடிவிட்டு, அந்தச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். சிரிக்காதே. பிள்ளையை வெளியூரில் வைத்திருக்கிறவள் செய்கிற காரியம்தான் இது. உன் வாசனை கொஞ்சம் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. காலரில், கையில், பையில், எங்கே வைத்துப் பார்த்தாலும் சிகரெட்தான் அடித்தது.

இதைப் போனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு சரிம்மாவில் முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இங்கே இருந்த நாட்களில் எத்தனை தடவை "ஆபீஸ் போன், பேசிட்டு வரேன்" என்று தோட்டத்துப் பக்கம் போனாய்! அந்த ஆபீஸில் உன்னைத் தவிர வேறு ஆளே இல்லையோ என்று எனக்குக் கவலையாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது வாயில் சோம்பு. ஊரார் துணியைக் கையில் வாங்கியே வயசாகிப் போனவள் நான். ஒரு ரவிக்கைத் துணியைக் கையில் எடுத்தாலே அந்த வீட்டில் விறகடுப்பா கேஸ் அடுப்பா என்று சொல்லிவிடுவேன். என்னிடம் வந்து சோம்பை மெல்லுகிறாயே. ஒரு நாள் நீ உள்ளே வந்து பாப்பாவைத் தூக்கினபோது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீ அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஏனென்றால் இதே வீட்டில் இதே காட்சியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தை நீ.

உன் அப்பா பீடி குடித்தவர் என்பது உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். நீ விவரம் தெரிந்து பார்த்தது பீடியை விட்டவரை. நான் கல்யாணம் செய்துகொண்டது விடாதவரை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறி கரியாலூர் போகிற பஸ்ஸில் அவர் டிரைவர். கிளம்ப ஒன்று, அடிவாரத்தில் ஒன்று, மேலே போய் நின்றதும் ஒன்று என்று வழி முழுக்கப் பீடிதான். தூரத்தைக்கூட அப்படித்தான் சொல்வார். கோமுகி அணை எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "ஒரு பீடி தூரம்" என்பார். கேட்டவருக்கும் அது புரிந்துவிடும். அவருடைய காக்கிச் சட்டையை நான்தான் தைப்பேன். செக்கிங் ஆள் கண்ணில் படக் கூடாது என்று, சட்டைக்கு உள்பக்கம், நெஞ்சுக்குக் கீழே, பீடிக்கட்டும் தீப்பெட்டியும் அடங்குகிற மாதிரி ஒரு சின்னப் பை வைக்கச் சொல்வார். வைத்துக் கொடுப்பேன். பீடி நாற்றம் தாங்கவில்லை என்று வாயால் திட்டிக்கொண்டே கையால் அந்தப் பையைத் தைத்துக் கொடுத்த புண்ணியவதி உன் அம்மா. அதுவும் சாதாரணத் தையல் இல்லை, பிய்ந்துபோகாமல் இருக்க இரட்டைத் தையல்.

நீ பிறந்த புதிதில் உனக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு இழுக்கும். கள்ளக்குறிச்சி டாக்டர் குழந்தை பக்கத்தில் புகையே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவும் நல்லவராகத் தெருவுக்குப் போய்க் குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்ததும் உன்னைத் தூக்குவார். நீ அவர் சட்டையில் முகம் பட்டதும் இருமுவாய், திமிறுவாய், என்னிடம் தாவுவாய். "எங்கிட்ட மட்டும் ஏன் இருக்கவே மாட்டன்றான்?" என்று கேட்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் தெருவுக்குப் போய் இன்னொன்று பற்ற வைப்பார்.

அந்த வருடம்தான் இடஒதுக்கீடு கேட்டுப் பெரிய போராட்டம் வந்தது. ஒரு வாரம் முழுக்க ரோடு மறியல். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடை இல்லை. எங்கேயோ சுட்டார்கள், செத்தார்கள் என்று பேச்சு வந்துகொண்டே இருந்தது. நம் தெரு ஆண்களும் போய் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர்கள் உட்கார்ந்ததால் கிடைத்த இடத்தில்தான் பின்னால் நீ காலேஜுக்குப் போனாய், அதை மறக்கக் கூடாது. அப்பா மட்டும் அந்த வாரம் ஊரில் இல்லை. மறியலுக்கு முந்தின நாள் கடைசி டிரிப் கரியாலூர் போய், வழக்கம்போல ராத்திரி அங்கேயே ஹால்ட் போட்டவர் காலையில் இறங்குவதற்குள் கீழே மரம் விழுந்துவிட்டது. பஸ்ஸை இறக்க வேண்டாம் என்று மேலே தகவல் போய்விட்டது. கச்சிராயபாளையத்தில் எங்கே நின்றாலும் மலை தெரியும். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று அந்த மலையையே பார்ப்பேன். மலை தெரியும், ஆள் தெரிய மாட்டார். சாப்பிட்டாரோ, எங்கே படுத்தாரோ, கோபத்தில் யாரோடாவது மல்லுக்கு நிற்கிறாரோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். கல்யாணமாகி அவர் மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது அந்த வாரம்தான்.

மேலே நடந்ததெல்லாம் அவர் பிறகு சொல்லித்தான் தெரியும். அவரும் கண்டக்டர் மாணிக்கமும் பஸ்ஸிலேயே படுத்தார்கள். மலைக்காரர்கள் சாமைச் சோறும் கீரையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். சோற்றுக்குக் குறை இல்லை. பீடிதான் தீர்ந்தது. உள்பையில் இருந்த கட்டு முடிந்தது, பெட்டிக் கடையில் இருந்ததும் முடிந்தது, கீழேயிருந்து சரக்கு ஏறவில்லை. பஸ்ஸுக்கு அடியில் குனிந்து, தானே எறிந்த துண்டுப் பீடியைப் பொறுக்கினாராம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலை வெடித்ததாம், கை நடுங்கியதாம், தூக்கம் இல்லை. மாணிக்கம் சத்தமாக மூச்சு விட்டான் என்று அவனை அடிக்கப் போய்விட்டாராம். இன்னொரு கஷ்டமும் இருந்தது. காலையில் ஒரு பீடி இல்லாமல் அவருக்கு வயிறு இளகாது. சோறு போட்ட வீட்டுக்காரி இவர் படுகிற பாட்டைப் பார்த்து, காய்ந்த கடுக்காய்த் தோலைத் தட்டி ஒரு துண்டு கொடுத்து, "இத வாயில அடக்கிக்கோங்க, துப்பாதீங்க" என்றாளாம். வாயெல்லாம் துவர்த்து இழுக்க, அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு ஒன்று புரிந்தது. ஆசை எழும்பி உச்சிக்கு வருகிறது. குடித்தால்தான் அடங்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். குடிக்காவிட்டாலும், ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் பொறுத்தால் அதுவாக இறங்கிவிடுகிறது. மறுபடி எழும்பும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலம் குறைந்து வரும். கடுக்காய் அந்த இன்னொரு கஷ்டத்தையும் தீர்த்து வைத்தது என்று தனியாக எழுத வேண்டுமா!

மரத்தையெல்லாம் எடுத்துப் பாதை திறந்ததும் பஸ்ஸை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வாரத்துத் தாடியும் அழுக்குச் சட்டையுமாக நின்றவரைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் உன்னை வாங்கினார். இதோ இருமப் போகிறாய், தாவப் போகிறாய் என்று நான் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறேன். நீ அவர் நெஞ்சில் முகத்தை வைத்து இரண்டு தடவை தேய்த்தாய். அப்படியே தூங்கிப் போனாய். அவர் அசையவே இல்லை. குளிக்கப் போகவில்லை, சாப்பிட வரவில்லை. சுவரில் சாய்ந்தபடி ரொம்ப நேரம் உன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாக என்னிடம் கேட்டார்.

"அப்போ நான் இல்ல, அந்த நாத்தம்தான் இவனுக்குப் புடிக்கலியா?"

இத்தோடு பீடியை விட்டுவிட்டார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் பஸ் ஓட ஆரம்பித்த மறுநாளே அடிவாரத்து டீக்கடையில் மாணிக்கம் பற்ற வைக்க, இவரும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தவரை நீ திமிறித் தள்ளியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஆடித் தீர்த்தேன். "மேல பீடி கெடைக்கல, அதான் குடிக்கல. நான் எங்க உட்டேன்?" என்றார். அப்போது எனக்கு அது சாக்காகப் பட்டது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. கிடைக்காமல் இருப்பது வேறு, கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேண்டாம் என்பது வேறு. ஆனால் அந்த வாரம் வீணாகவில்லை. இது இல்லாமல் தன்னால் மூச்சு விட முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதே. உன் தலை பட்ட இடம் அவர் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் புது காக்கித் துணி வரும். அளவெடுக்கும்போது, "உள்பை வெக்கணுமா?" என்று கேட்பேன். "இது இன்னா கேள்வி, வெய்யி" என்பார். நீ நடை பழகி, பேச்சுப் பழகிவிட்ட ஒரு வருடம், வழக்கம்போலக் கேட்டேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"வேணாம் உடு. இந்த வாட்டி பை வெக்காத" என்றார்.

ஏதாவது சொன்னால் மனசு மாறிவிடுவாரோ என்று பயந்து, தோள் அளவை எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். பழைய சட்டைகளையும் கொண்டுவந்து போட்டு உள்பையைப் பிரிக்கச் சொன்னார். நான் போட்ட இரட்டைத் தையலை நானே உட்கார்ந்து பிரித்தேன், நகம் பிய்ந்துவிட்டது. துவைத்தும் பார்த்தேன், இஸ்திரி போட்டும் பார்த்தேன். பை போனாலும் ஊசி ஏறின துளை வரிசையாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆசையும் அப்படித்தான் போலிருக்கிறது. எத்தனையோ வருடம் கழித்து, மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், "இப்ப ஒண்ணு இழுத்தா எப்பிடி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இழுக்கவில்லை.

எப்படி விட்டார் என்று கேட்பாய். வீரமாக ஒன்றும் செய்யவில்லை, உஷாராக இருந்தார், அவ்வளவுதான். முதலில் மாணிக்கத்திடமும் டீக்கடைக்காரரிடமும் சொல்லிவிட்டார். நான் கேட்டாலும் கொடுக்காதே, திட்டினாலும் கொடுக்காதே என்றார். திட்டத்தான் செய்தார், அவர்களும் கொடுக்கவில்லை. ஆபத்துக்கு என்று ஒன்றைக்கூட எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை. ஒன்று இருந்தால் அதற்கு ஒரு ஆபத்து தன்னால் வந்து சேரும். பீடிக்கு என்று இருந்த இடங்களுக்கெல்லாம் வேறு வேலை வைத்தார். அடிவாரத்தில் பஸ் நின்றால் டீக்கடைக்குப் போகாமல், பஸ்ஸைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார். மாணிக்கம் கூட "டயர் கரைஞ்சிடப் போவுதுண்ணே" என்று கிண்டல் செய்வான். சாப்பிட்டதும் கை பரபரக்கும் என்று தட்டைத் தானே கழுவ ஆரம்பித்தார். அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் இருந்தது, எனக்கு லாபம். மலையிலிருந்து கடுக்காய் வாங்கி வந்து சட்டையின் மேல் பையிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருப்பார். ஆசை எழும்பினால் ஒரு துண்டு வாய்க்குள் போகும். அது இறங்குகிற வரைக்கும் யாரோடும் பேச மாட்டார்.

ஆரம்பத்து நாட்கள் மோசம்தான். உப்பில்லை, உறைப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். உன்னை அடிக்கக்கூடக் கை ஓங்கினார். இது அவர் இல்லை, அந்தச் சனியன் வெளியே போகிற சத்தம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மா வாயை மூடிக்கொண்டாள் என்பதை நீ நம்ப மாட்டாய், ஆனால் உண்மை. உன் பொண்டாட்டியிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வை. விட்டு நன்றாகப் பழகிவிட்டார் என்று நினைத்தபோது, கள்ளக்குறிச்சியில் கூட வேலை செய்த ஒரு டிரைவரின் சாவுக்குப் போனவர், அங்கே சுற்றி இருந்தவர்கள் நீட்ட, வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் போச்சு, தனக்கு இது விதிக்கவில்லை என்று பினாத்தினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நடுவழில டயர் பஞ்சர் ஆனா வண்டிய அங்கியே போட்டுட்டு வூட்டுக்கு வந்துடுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து போய்க் குளித்தார். அதற்குப் பிறகு பீடியைத் தொடவே இல்லை. நீயும் ஒரு தடவையில் விட்டுவிடுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வழுக்கினால் வழுக்கின இடத்திலிருந்து எழுந்து நட. அப்பாவுக்குக் கடுக்காய்தான் இருந்தது. இப்போது டாக்டரிடமே இதற்கென்று மருந்து, மெல்லுகிற மிட்டாய், உட்கார வைத்துப் பேசுகிற ஆட்கள் எல்லாம் இருக்கிறதாமே. வெட்கப்படாமல் போய்க் கேள். காய்ச்சலுக்குப் போகிறவன் இதற்கும் போகலாம்.

இவ்வளவு பாடுபட்டு விட்டு என்ன கிடைத்தது என்று கேட்கலாம். சாகாவரம் கிடைக்கவில்லை. விட்டவரும் போய்விட்டார், திவசம் கொடுத்துவிட்டுத்தானே போனாய். ஆனால் காலையில் எழுந்ததும் வருகிற அந்தக் குடலைப் பிடுங்கும் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கரியாலூரில் அருவி வரைக்கும் ஏறி இறங்கினார். மூக்கு திரும்பி வந்தது. முதலில் வந்தது தெருக்கோடிச் சாக்கடை. "இவ்ளோ நாத்தத்துலயா இத்தினி வருஷம் குடித்தனம் பண்ணோம்?" என்று திடுக்கிட்டுப் போய்க் கேட்டார். பிறகு கரும்புத் தோகை எரிகிற வாசனை, மழைக்கு முந்தின மண் வாசனை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார், புதிதாக ஊருக்கு வந்தவர் மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவர், "சீயக்காவா? ரொம்ப வாசனையா கீதே, புதுசா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அதே சீயக்காய்தான், கண்ணு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் ஒருவருக்கொருவர் வந்து சேராத மாதிரியும், அன்றைக்குத்தான் அவர் மலையிலிருந்து இறங்கி வந்த மாதிரியும் இருந்தது. அதற்குப் பிறகு அவரோடு இருந்த வருடங்களை நினைத்துத்தான் இன்றைக்கும் ஏங்கிப் போகிறேன்.

அவருடைய கடைசிக் காக்கிச் சட்டை ஒன்றை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பீரோவில், என் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. அவர் போன பிறகு துவைக்கவே இல்லை. ரொம்ப முடியாமல் போகிற அன்றைக்கு அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வேன். கொஞ்சம் டீசல், கொஞ்சம் தேங்காயெண்ணெய், கொஞ்சம் வேர்வை. அவர்தான், வேறு யாரும் இல்லை. அவர் குடித்துக்கொண்டே போயிருந்தால் அந்தச் சட்டையில் எனக்குப் பீடிதான் மிஞ்சியிருக்கும். அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். உடம்பு, நெஞ்சு, பாப்பாவின் மூச்சு, இதெல்லாம் நீ படித்தவன், உனக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது இந்தச் சட்டை ஒன்றுதான்.

உன் நீலக் கோட்டுச் சட்டையில் உன்னைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். அதை நாளைக்குச் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, மடித்து வைக்கிறேன். நீ முயற்சி செய்து பார். நடுவில் தவறினாலும் என்னிடம் மறைக்காதே, சோம்பு மெல்லாதே. எப்போது விடுகிறாயோ அப்போது ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கிளம்புகிற அவசரத்தில் இன்னொரு சட்டையை இதே கதவுக்குப் பின்னால் மறந்துவிட்டுப் போ.

அதை நான் துவைக்க மாட்டேன்.

அம்மா